குழாயின் மறுமுனை

ஹியூம் பைப் யார்டில் ‘பால் ஒழுகுது’ என்று ஒரு குரல் கேட்டால், அச்சு செய்து கொடுத்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். சிமெண்ட்டும் தண்ணீரும் கலந்த சாம்பல் நிறச் சாறுதான் அந்தப் பால். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடுக்கில் அது கசிந்து சொட்டும். ஜல்லியையும் மணலையும் பிடித்து நிறுத்த வேண்டிய பசை வெளியே போய்விட்டால், மறுநாள் அச்சைப் பிரிக்கும்போது குழாயின் முதுகில் நீளவாக்கில் ஒரு வரி தெரியும். விரலால் தடவினால் ஜல்லி ஜல்லியாக நெருடும். பின்னொரு நாள் அந்த வரி வழியாகத்தான் சாக்கடை மண்ணுக்குள் இறங்கும். முப்பத்தைந்து வருடமாக அச்சு வரைகிறேன். இன்றும் யார்டுக்குள் நுழைந்ததும் என் காது முதலில் தேடுவது அந்தக் குரலைத்தான்.

1989ல் பாலிடெக்னிக் முடித்த கையோடு ஓசூர் வந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்தான். சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைமேல் நின்றால் ஏரிகளும் ராகி வயல்களும் தெரியும். பெங்களூர் சாலைப் பக்கம் சிப்காட்டின் கூரைகள். அசோக் லேலண்டில் லாரி, டி.வி.எஸ்ஸில் மொபெட், டைட்டனில் கைக்கடிகாரம் என்று ஊர் பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலம். எங்களுடையது எட்டுப் பேர் வேலை பார்த்த தகரக் கொட்டகை. சிமெண்ட் குழாய் வார்க்கும் இரும்பு அச்சு செய்வோம். வெல்டர் தெலுங்கில் கேட்பார், ஃபிட்டர் கன்னடத்தில் பதில் சொல்வார், மேஸ்திரி தமிழில் முடித்து வைப்பார்.

ஊரெல்லாம் ‘ஹியூம் பைப்’ என்கிறோமே, அந்த ஹியூம் ஒரு மனிதரின் பெயர். ஆஸ்திரேலியாவின் வால்டர் ஹியூம், சுழலும் அச்சுக்குள் கான்கிரீட்டைப் போட்டுக் குழாய் வார்க்கும் முறையை 1910ல் கண்டுபிடித்தார். 1926ல் வால்சந்த் ஹிராசந்த் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியைத் தொடங்கினார். அதன் பிறகு அந்தப் பெயர் நம் சித்தாள் வரைக்கும் வாயில் புழங்கும் சொல்லாகிவிட்டது.

முறையைச் சொல்வது எளிது. கம்பிக்கூட்டை அச்சுக்குள் வைத்து, இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கி, படுக்க வைத்து உருளைகள் மேல் சுழற்ற வேண்டும். சுழலும்போதே உள்ளே கலவையை ஊட்ட வேண்டும். வேகத்தில் கலவை சுவரோடு போய் அப்பிக்கொள்ளும், நடுவில் துவாரம் தானாக நிற்கும். 450 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 63 சுற்றுக்குக் கீழே வேகம் இறங்கினால் உச்சிக்கு ஏறிய கலவை பொத்தென்று விழும் என்பது கணக்கு. அதைத் தாண்டிப் படிப்படியாக ஏற்றி, பல மடங்கு வேகத்தில் சுற்றும்போது கலவை இறுகி, உபரித் தண்ணீர் உள்பக்கம் பிதுங்கி வரும். நீளக் கட்டையால் அதை வழித்து எடுப்பார்கள்.

ஆக, அச்சு வரைபவன் கையில் இருப்பது குழாயின் வெளி அளவு. உள் அளவை முடிவு செய்வது எவ்வளவு கலவை போட்டார்கள் என்பது. வெளியே நான் பிசகினால் உள்ளே நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைச் சரி செய்ய முடியாது.

இதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் முதல் அச்சு, 450 மி.மீ. என்.பி.2 குழாய்க்கு. என்.பி. என்றால் உள்ளே அழுத்தம் இல்லாமல் தண்ணீர் தன் போக்கில் ஓடும் குழாய். எண் ஏற ஏற, மேலே தாங்கும் பாரம் கூடும். ஐ.எஸ். 458 என்ற இந்தியத் தரநிலையின் 1988 திருத்தம் என் மேஜையிலேயே இருக்கும். அதன்படி இந்தக் குழாயின் சுவர் கனம் 35 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் வெளி விட்டம் 520. டிராயிங் போர்டில் மினி டிராஃப்டரை நகர்த்தி நகர்த்தி, ட்ரேசிங் தாளில் இங்க் பேனாவால் இரண்டு நாள் வரைந்தேன். பிரிண்ட் போடும் கடையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஈரம் காயாத தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து மேஸ்திரி முன்னால் விரித்தேன்.

மேஸ்திரி தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தகட்டில் சாக்பீஸ் கோடு போடக் குனிந்தவர் நின்றார்.

“பாதி எவ்ளோ போட்டிருக்கே தம்பி?”

“816.8, மேஸ்திரி. 520ஐ 3.1416ஆல பெருக்கி ரெண்டா வகுத்தேன்.”

அவர் பதில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த அதே அளவுள்ள பழைய அச்சுக்குப் போனார். சணல் நூலை அதன் வெளிப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி அறுத்தார். இன்னொரு நூலை உள்பக்கம் விரலால் ஒட்டி ஒட்டிச் சுற்றி அறுத்தார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். வெளி நூல் இரண்டு விரல் அகலத்துக்கு நீண்டிருந்தது.

“உள்ள ஒரு அளவு, வெளிய ஒரு அளவு. நீ உள்ளயே பாத்துட்டே. தகட்டுக்கும் கனம் இருக்குது தம்பி. வளைக்கறப்போ நடுவுல போற அளவுதான் நிக்கும்.”

தகட்டின் கனம் 6 மி.மீ. நடுக்கோட்டின் விட்டம் 526 என்று வைத்துப் பெருக்கினால் ஒவ்வொரு பாதியும் 826.2 வர வேண்டும். நான் வரைந்தபடி வெட்டியிருந்தால் பாதிக்கு ஒன்பது மில்லிக்கு மேல் குறைந்து, அச்சின் விட்டம் 6 மி.மீ. சுருங்கி, குழாயின் சுவர் 35க்குப் பதிலாக 32 ஆகியிருக்கும். தரநிலை இந்தச் சுவர் 3 மி.மீ. தடித்தால் பொறுத்துக்கொள்ளும். மெலிந்தால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் பொறுக்காது. தடித்தால் சிமெண்ட் செலவுதான் கூடும். மெலிந்தால், என்றோ ஒரு நாள் மேலே லாரி போகும்போது குழாய் உடையும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிற அக்கறை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த அச்சில் நாளைக்கு ஒரு குழாய் என்றாலும் வருடத்துக்கு 300 குழாய். ஒன்று இரண்டரை மீட்டர். பத்து வருடம் ஓடினால் ஏழரைக் கிலோமீட்டர். தாளில் நான் விட்ட ஒரு பிழை ஏழரைக் கிலோமீட்டருக்கு மண்ணுக்குள் நீண்டிருக்கும். மேஸ்திரி தடுத்தது அதைத்தான். அவர் இப்போது இல்லை. அந்த இரண்டு நூல்களும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

அன்றைக்கு அச்சு செய்வது முழுக்கக் கைவேலை. கேஸ் கட்டிங்கில் வெட்டிய விளிம்பு கடித்து வைத்த மாதிரி இருக்கும்; அரத்தால் ராவி ராவிச் சமன் செய்வோம். தகட்டை ரோலரில் விட்டு வளைப்போம். ஓரத்தில் இரும்புப் பட்டை வைத்து டாக் வெல்டிங் அடிப்போம். சூட்டில் பட்டை வளைந்துகொள்ளும், சுத்தியலால் தட்டி நிமிர்த்துவோம். அச்சைச் சுற்றி இரண்டு கனத்த வளையங்கள் வரும். உருளைகள் மேல் ஓடுவது அவைதான். வளையம் துளி கோணலாக இருந்தாலும் முழு வேகத்தில் அச்சு குதிக்கும். கலவையோடு அரை டன்னுக்கு மேல் இரும்பு உருளையை விட்டு எகிறினால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? அதனால் அந்த வளையங்களை மட்டும் பெங்களூர் பீனியாவுக்கு எடுத்துப்போய் பெரிய லேத்தில் கடைந்து வருவோம்.

எல்லாம் முடிந்த இரவு ஒரு சோதனை உண்டு. இரண்டு பாதிகளையும் இறுக்கி, உள்ளே 100 வாட் பல்பை இறக்கி, கொட்டகை விளக்கை அணைத்துவிடுவோம். எட்டுப் பேரும் இருட்டில் அச்சைச் சுற்றிக் குனிந்து நிற்போம். இடுக்கில் எங்காவது முடி கனத்துக்கு ஒளி தெரிந்தால் மேஸ்திரி சாக்பீஸால் அங்கே ஒரு புள்ளி வைப்பார். “வெளிச்சம் ஒழுகற எடத்துல பாலும் ஒழுகும்.” புள்ளி வைத்த இடத்தையெல்லாம் மறுநாள் ராவுவோம். ஒரு புள்ளியும் விழாத இரவில் பேச்சில்லாமல் வீட்டுக்குப் போவோம். அந்த மௌனத்தின் நிறைவுக்கு ஈடாக வேறெதையும் இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை.

ஆனால் அன்று எங்கள் கண் அச்சோடு நின்றுவிடும். குழாயின் முனைக்கு நாங்கள் பெரிதாக மெனக்கெடவில்லை. இரண்டு குழாய்களை முனையோடு முனை சேர்த்து, மேலே காலர் என்ற வளையத்தை மாட்டி, இடைவெளியில் சிமெண்ட் கலவையை அடைப்பது வழக்கம். அது பள்ளத்தில் நிற்கும் கொத்தனாரின் வேலை, நம் வேலை இல்லை என்று நினைத்தோம்.

1996ல் உறவினர் கல்யாணத்துக்காக ஓர் ஊருக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே சாக்கடை மேன்ஹோல் அடைத்துக்கொண்டு தெரு நாறியது. காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். கையுறை இல்லை, காலுக்கு ஒன்றும் இல்லை. மேலே நின்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நொடிக்கொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே இருந்து ‘ம்’ என்று பதில் வந்தால்தான் அடுத்த மூச்சு விட்டார். கால் மணி நேரம் கழித்து இறங்கியவர் மேலே வந்தார். கையில் துணியும் மண்ணும் சுற்றிய ஒரு கட்டி. குழாயடியில் கழுவித் தரையில் வைத்தார்.

உடைத்த தேங்காய் மூடி அளவில் இறுகிப்போன சிமெண்ட். ஒரு பக்கம் வளைவாக, வழவழப்பாக இருந்தது. அந்த வளைவை எனக்குத் தெரியும். காலரில் அடைத்த கலவை மூட்டு வழியாகக் குழாய்க்குள் பிதுங்கி, இறுகி, வருடக்கணக்காகப் போகிற துணியையும் மண்ணையும் பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறது. மடியிலிருந்த டேப்பை எடுத்து வளைவின் நாணையும் உயரத்தையும் அளந்தேன். கணக்குப் போட்டால் உள் விட்டம் 450க்குப் பக்கத்தில் வந்தது.

“இதான் சார் அடைச்சுக்கிட்டிருந்துச்சு” என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. மதில்மேல் மடித்து வைத்த சட்டையை எடுத்துக் கைபடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அது எங்கள் அச்சில் வார்த்த குழாயா என்பது கேள்வியே இல்லை. எல்லாருடைய குழாயும் அப்படித்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் முனைகளை வரைய உட்கார்ந்தேன். ஒரு முனை அகன்ற வாயாகவும் மறு முனை அதற்குள் நுழையும் மூக்காகவும் இருக்க, நடுவே ரப்பர் வளையம் நசுங்கி அமரும் மூட்டு ஏற்கெனவே தரநிலையில் இருந்தது. பள்ளத்தில் சிமெண்ட் பூச வேண்டாம், உள்ளே எதுவும் பிதுங்காது. ஆனால் அந்த வாயையும் மூக்கையும் தருகிற வளையங்களை அச்சின் இரு முனையிலும் கடைந்து பொருத்த வேண்டும். ரப்பர் அமரும் இடத்தில் ஒரு மில்லி பிசகினாலும் ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் தொளதொளக்கும். செலவு கூடியது. வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். “சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார், பழைய மாதிரியே கொடுங்க” என்பார்கள். அந்தக் கட்டியின் கதையை ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் கேட்டார்கள். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்த சட்டம் 2013ல் வந்தது. அதற்குப் பிறகும் சாவுச் செய்தி வருகிறது. ஒவ்வொரு செய்தியிலும் அந்த மடித்த சட்டை என் கண்ணுக்குத் தெரிகிறது.

*

இன்றைக்கு எங்கள் பட்டறை நான்கு மடங்கு பெரிதாகிவிட்டது. தகட்டை லேசர் வெட்டுகிறது. விளிம்பு கண்ணாடித் துண்டு போல வருகிறது, அரத்துக்கு வேலை இல்லை. தகட்டின் கனத்தைக் கம்ப்யூட்டரே கழித்துக் கூட்டி விரிப்பு அளவைத் தந்துவிடும். முனை வளையங்களை சி.என்.சி. கடைகிறது. வெல்டர்கள் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில் இந்தியும் சேர்ந்துவிட்டது. பல்பு சோதனையை மட்டும் விடவில்லை, எல்.இ.டி. பட்டையை உள்ளே ஒட்டிப் பார்க்கிறோம்.

ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மலைகளை உடைத்து அரைத்த மணல், கூர் கூரான மணல். ஆற்று மணலைப் போல உருளாது. கலவை இழுத்துப் பிடிக்கும், வேலைக்காரர்கள் தண்ணீரைக் கூட்டப் பார்ப்பார்கள், பால் அதிகமாகும். அதனால் இடுக்கு முன்பைவிட இறுக்கமாக வேண்டும். என்.பி.2 கேட்டவர்கள் என்.பி.3 கேட்கிறார்கள். அதே 450 மி.மீ. துவாரம்தான், ஆனால் சுவர் 35க்குப் பதில் 75. ஒரு குழாய் முன்பு ஏறக்குறைய 320 கிலோ, இப்போது 740. மேலே ஓடும் வண்டிகள் அவ்வளவு கனத்துவிட்டன.

எல்லையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் அச்சு ஏற்றிய லாரி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. வரிச் சீட்டில் ஒரு எண் தப்பினால் டிரைவர் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அந்தப் பக்கம் வண்டி விட யாருக்கும் துணிவில்லை. 2016 செப்டம்பரில் மறுபடியும் அதே கதை. ஜூஜூவாடியில் பஸ்ஸை நிறுத்திவிட, ஜனங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லையை நடந்து கடந்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிச் சாவடிகள் எடுபட்டன. இப்போது எங்கள் லாரி ஒரு மணி நேரத்தில் சர்ஜாபூர் போய்விடுகிறது.

அந்தப் பக்கம்தான் எங்கள் அச்சுகளில் பெரும்பாலானவை போயின. பெங்களூர் கிழக்கே வளர்ந்த காலம். ராகி வயல்கள் லேஅவுட்டாக மாற மாற, குழாய் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். காலர் இல்லாத, ரப்பர் மூட்டுப் போட்ட, பால் ஒழுகாத குழாய்கள். பெருமையாகத்தான் இருந்தது. வர்த்தூர் பக்கம் ஒரு தெருவில் பத்து வருடம் கழித்துத் தோண்டினார்கள். மூட்டுகள் போட்ட நாள் போலவே இருந்தன, சுற்றியிருந்த மண் காய்ந்திருந்தது. பள்ளத்தின் ஓரம் குந்தி அந்தக் காய்ந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேஸ்திரி பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

2015ல் பெங்களூர் பெல்லந்தூர் ஏரியின் நுரையில் தீப்பிடித்தது. 2017ல் அந்த ஏரியில் மறுபடியும் தீ. தண்ணீர் எரிகிற படத்தைச் செய்தித்தாளில் பார்த்தேன். அந்த ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்குப் போகும். வர்த்தூரிலிருந்து தென்பெண்ணைக்கு. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் அந்த ஆறு கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டிக் கடலூரில் கடலைச் சேர்கிறது.

ஓசூர் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அந்த ஆற்றில் குளித்திருக்கிறோம். முழங்கால் ஆழத்தில் நின்றால் கூழாங்கல் தெரியும். இப்போது மழைக்காலத்தில் அணை மதகு திறந்தால் ஆற்றை மறைத்து நுரை எழும்புகிறது. வீடுகளின் சோப்புத் தூளும் ஆலைகளின் கழிவும் கலந்த தண்ணீர், மதகிலிருந்து விழும்போது காற்றை அடித்துக் கலக்கி நுரைக்கிறது. நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நுரை நின்று, போக்குவரத்து நின்றதை நேரில் பார்த்தேன். பாலத்தின் இந்தப் பக்கம் பால் கேன் கட்டிய ஒரு பெரியவர் மொபெட்டோடு நின்றிருந்தார். காற்றில் ஒரு துண்டு நுரை பறந்து வந்து அவர் சட்டையில் ஒட்டியது. தட்டிவிட்டு, விரலை மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அணையின் கால்வாய்களை நம்பி ஏறக்குறைய 8,000 ஏக்கர் இருக்கிறது. தக்காளியும் முட்டைக்கோஸும் நெல்லும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

அன்றைக்கு அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் குழாய்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு மூட்டு கசியவில்லை, ஒரு முதுகு வெடிக்கவில்லை. தங்களிடம் விட்டதை ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. நாங்கள் எவ்வளவு ஒழுங்காக அச்சு செய்தோமோ, அவ்வளவு முழுமையாக அந்தச் சாக்கடை எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது. நடுவில் சுத்திகரிப்பு நிலையம் இருந்திருந்தால், அது ஒழுங்காக ஓடியிருந்தால், அதே குழாய்கள் அந்த ஆற்றுக்குச் செய்த நன்மையாக இருந்திருக்கும்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே தென்பெண்ணைத் தண்ணீரின் அளவைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. எவ்வளவு வருகிறது என்பதற்கு வழக்கு போட்டார்கள்; என்னவாக வருகிறது என்பதற்கும் அதே அளவு குரல் எழ வேண்டும். பெங்களூரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஓசூர் 2019ல் மாநகராட்சி ஆகிவிட்டது. தெருக்கள் வளர்ந்த வேகத்துக்கு எங்கள் சாக்கடையும் வளரவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, சாலையில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனபோது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று குழாயின் முன் முனையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். வந்தது எங்கே போகும் என்று மறுமுனையைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

முதல் அச்சில் நான் செய்த பிழை, உள் அளவை மட்டும் பார்த்தது. முப்பது வருடம் கழித்தும் அதே பிழையைத்தான் செய்திருந்தேன். குழாயின் வாயை, மூக்கை, முதுகைப் பார்த்தேன். அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கவில்லை.

*

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு பெண் இப்போது எங்களிடம் டிசைனர். போன மாதம் ஒரு புது ஆர்டர் வந்தது. சர்ஜாபூர் தாண்டி ஒரு லேஅவுட்டுக்காரர், 450 என்.பி.3, சைட்டிலேயே வார்த்துக்கொள்ள நான்கு அச்சு கேட்டிருந்தார். அரை நாளில் மாடலை முடித்துத் திரையில் சுழற்றிக் காட்டினாள். வாய், மூக்கு, ரப்பர் அமரும் பள்ளம் எல்லாம் சரியாக இருந்தன. பழக்கத்தில் கேட்டேன்: “தகட்டோட கனம் பாத்தியாம்மா?”

“சாஃப்ட்வேரே எடுத்துக்குது சார். 8 மி.மீ. போட்டிருக்கேன்.”

இழுப்பறையைத் திறந்து இரண்டு நூல்களையும் காட்டி மேஸ்திரியின் கதையைச் சொன்னேன். அவள் நூல்களை மேஜைமேல் நீட்டி, அவற்றின் வித்தியாசத்தை ஸ்கேலால் அளந்து பார்த்தாள். பிறகு வரைபடத்தின் வலது மூலையில் இருக்கும் கட்டத்தைக் காட்டினேன். வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி, அளவுகோல், உலோகம் என்று வரிகள். அதற்குக் கீழே இரண்டு வருடமாக நாங்கள் சேர்த்திருக்கும் ஒரு வரி: ‘நீர் சேருமிடம்’. அது காலியாக இருந்தது.

“இது எதுக்கு சார்? அச்சுக்கும் இதுக்கும்...”

“சைட் லொகேஷன் இருக்குல்ல? அங்கருந்து கண்டுபிடி.”

செல்போனில் வரைபடத்தைத் திறந்தாள். லேஅவுட்டின் மேல் விரலை வைத்தாள். பக்கத்தில் ஓர் ஓடை, அது போய்ச் சேரும் ஏரி, ஏரியின் மறுகரையில் ஒரு வாய்க்கால் என்று விரல் மெல்ல நகர்ந்தது. சில இடங்களில் கோடு வீடுகளுக்கு அடியில் மறைந்தது. பெரிதாக்கிப் பார்த்து மறுபடி பிடித்தாள். மாநில எல்லையின் புள்ளிக் கோட்டை விரல் தாண்டியது. விரல் போய் நின்ற அணையைப் பார்த்து அவளே ஒரு நிமிடம் பேசவில்லை. அவளுடைய அப்பா அந்த அணையின் இடது கால்வாயில் நெல் போடுகிறவர்.

கீபோர்டை இழுத்து அந்தக் கட்டத்தில் ‘கெலவரப்பள்ளி அணை’ என்று தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சார், அந்த லேஅவுட்ல சுத்திகரிப்பு பிளான்ட் எங்க வருது, இந்த லைன் அதுக்குள்ள போகுதா, ஓடைக்குப் போகுதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு டிராயிங்கை அனுப்பலாமா?”

ஆர்டர் தள்ளிப் போகலாம். வேறு பட்டறைக்கே போய்விடலாம். நான் போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நீயே கேளும்மா.”